தூத்துக்குடிக்குச் சரக்குப் பேச மட்டும் போகாதீர்கள்

நமது சங்க உறுப்பினர்களில் தூத்துக்குடிக்குப் போகாதவர் மிகக் குறைவு. உப்பு, கருவாடு, கருப்பட்டி, கப்பலில் வந்திறங்கும் பருப்பு என்று ஏதாவது ஒன்றைப் பேச ஒரு முறையாவது போயிருப்போம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே மண்டிக்குப் போய், விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, மதியம் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மாலை வண்டி ஏறிவிடுவோம். நாற்பது வருட வியாபாரத்தில் நாங்களும் அப்படித்தான் போய் வந்தோம். அந்த ஊரில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கூடத் திணறியிருப்போம்.

சென்ற மாசி மாதக் கடைசியில் எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து வியாபாரிகள் நான்கு பேர் ஒரு கார் பிடித்து, மூன்று நாள் தங்கி வந்தோம். எந்தச் சரக்கும் பேசுவதில்லை, போனில் மார்க்கெட் விலை கேட்பதில்லை என்று புறப்படும்போதே பேசி வைத்துக்கொண்டோம். அந்த ஒப்பந்தம் கடைசி நாள் மீறப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறோம்.

போக நினைப்பவர்களுக்கு முதலில் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாசி, பங்குனிதான் நல்லது. தை பிறந்து பாத்தி மிதித்துச் சரிசெய்தபின் உப்பு வாரத் தொடங்கியிருப்பார்கள். தோணிகள் ஓடிக்கொண்டிருக்கும், தென்மேற்குக் காற்று பலத்துவிட்டால் அவை கரையோடு நின்றுவிடும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பதால், அதற்கு முன் போனால்தான் மீன் ஏலமும் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழையில் ஊறிய பாத்திகளும் ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்களும்தான் மிஞ்சும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். வழியில் எட்டயபுரத்தில் இறங்கிப் பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்தோம். அரை மணி நேரம் போதும். கடையில் பாரதியார் படம் மாட்டியிருப்பவர்கள் இறங்காமல் போவது நியாயமில்லை.

முதலில் போனது உப்பளத்துக்கு. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில் விளைகிறது. முள்ளக்காடு, ஆறுமுகநேரி, தருவைக்குளம், வேப்பலோடை என்று வடக்கிலும் தெற்கிலும் அளங்கள்தான். ஆனால் சாலையோரம் காரை நிறுத்திவிட்டு யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. குத்தகை நிலம்; வேலை நடக்கும் இடம்; வரப்பில் கால் சரிந்தால் பாத்தி கெட்டுப்போகும். தெரிந்த உப்பு வியாபாரி மூலம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுவும் விடிவதற்குள் போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பே முக்கால்வாசி வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டால் வெயிலில் காய்ந்து உப்பாகிவிடும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தோம். அது பாதிதான் சரி. பல அளங்களில் கடலிலிருந்து நேரே தண்ணீர் எடுப்பதில்லை. போர் போட்டு, நிலத்தடி உவர்நீரை இறைக்கிறார்கள். கடல் நீரைவிட அதில் உப்பு கூடுதல். முதலில் அது பெரிய தெப்பங்களில் நின்று வெயிலும் காற்றும் வாங்குகிறது. கண்ணாடிக் குழாய் போன்ற ஒரு மீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறார்கள். கடல் தண்ணீர் 3 டிகிரி அளவில் இருக்கும். அது சுண்டிச் சுண்டி 24, 25 டிகிரி வந்த பிறகுதான் உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடுகிறது. 30 டிகிரியை நெருங்கும்போது மிச்சத் தண்ணீரை வடித்து வெளியேற்றியாக வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து சரக்கு கசக்கும். ஒரு நாள் முன்பின் ஆனால் தரம் மாறும். நம்மில் பலர் உப்பைத் தரம் பார்த்து வாங்குவதே இல்லை, வெள்ளையா என்று மட்டும்தான் பார்க்கிறோம்.

விடியும்போது சில பாத்திகளில் தண்ணீர் ரோஜா நிறமாகத் தெரிந்தது. சாயம் கலந்துவிட்டதோ என்று எங்களில் ஒருவர் பயந்துவிட்டார். அவ்வளவு உப்பிலும் உயிர் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் வரும் நிறம் அது, கெடுதல் இல்லை என்றார் கணக்கப்பிள்ளை.

ஆண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவிக்கிறார்கள். பெண்கள் அதைத் தலைச்சுமையாகத் தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். எட்டு மணிக்கே வெள்ளைத் தரையிலிருந்து வெயில் திரும்பிக் கண்ணில் அடிக்கிறது. எங்களால் கண்ணைத் திறந்து நிற்க முடியவில்லை. சிலர் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள், பலர் வெறுங்காலோடு நின்றார்கள். ஓர் அம்மா உள்ளங்காலைக் காட்டினார். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. "மழைக்காலத்துல மூணு மாசம் வேலை கிடையாது ஐயா, அப்பதான் காலு ஆறும். ஆனா வயிறு கேக்குமே" என்றார். ஒரு கிலோ கல்லுப்புக்கு வாடிக்கையாளர் 2 ரூபாய் குறைத்துக் கேட்கும்போது நாம் மறுபேச்சில்லாமல் குறைத்துக்கொடுத்துவிடுகிறோம். அதை அந்த இடத்தில் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தட்டுமேட்டில் இரண்டு அம்பாரங்கள் இருந்தன. ஒன்று அந்த வாரம் வாரியது. மற்றது போன வருடத்து உப்பு. பழைய உப்புக்கு விலை கூடச் சொல்வார்களே, ஏன் என்று கேட்டோம். கணக்கப்பிள்ளை இரண்டிலும் ஒரு பிடி எடுத்து எங்கள் கையில் வைத்தார். புது உப்பு பிசுபிசுத்தது. பழையது மணல் போல் உதிர்ந்தது. "வடிச்ச தண்ணி கொஞ்சமாவது புது உப்புல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும் அண்ணாச்சி. அதுல இருக்கிற மக்னீசியம் காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும். மழை நாள்ல எடை கூடும், தண்ணியாக் கசிஞ்சு ஓடும், கோடையில காஞ்சு எடை குறையும். பழைய உப்பு பனியிலயும் தூத்தல்லயும் நனைஞ்சு அந்தக் கசடு எல்லாம் கழுவிப் போயிருக்கும். அதனாலதான் விலை" என்றார்.

அதைக் கேட்டதும் எங்களுக்கு 1994ஆம் வருடம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கடைக்குத் தூத்துக்குடியில் ஓர் உப்பு வியாபாரியிடமிருந்து பதினோரு வருடமாகச் சரக்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஐப்பசியில் 75 கிலோ மூட்டையாக 120 மூட்டை லாரியில் வந்தது. அன்று நல்ல மழை. எடை போடாமல் எண்ணிக்கை மட்டும் பார்த்து, கிடங்கில் சிமெண்ட் தரையில் சுவரை ஒட்டி அடுக்கிவிட்டோம். மாசியில் எடை போட்டுப் பார்த்தால் மூட்டைக்கு 3 கிலோ குறைகிறது. எங்களுக்குக் கோபம் தாங்கவில்லை. 120 மூட்டைக்கும் சேர்த்து 360 கிலோ, கிலோ 70 பைசா வீதம் 252 ரூபாயைப் பாக்கியில் கழித்துக்கொண்டு, "உப்பிலுமா திருடுவது" என்று ஒரு கார்டும் எழுதிப் போட்டோம். அவர் பதில் எழுதினார்: "இறக்கிய அன்று எடை பார்த்தீர்களா? அடியில் பலகை போட்டிருந்தீர்களா?" நாங்கள் பதில் போடவில்லை. வேறு ஆளிடம் சரக்கு வாங்கத் தொடங்கிவிட்டோம். பல கடைக்காரர்களிடம் அவர் பெயரைச் சொல்லி எச்சரிக்கையும் செய்தோம்.

இன்றைய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சமையல் உப்பில் ஈரம் 100க்கு 6 வரை இருக்கலாம். 75 கிலோ மூட்டைக்கு அது நாலரைக் கிலோ. எங்களுக்குக் குறைந்தது 3 கிலோ. அந்தக் கிடங்கில் மூட்டை அடுக்கிய இடத்தில் சிமெண்ட் பொரிந்து வெள்ளை பூத்திருந்ததை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறோம். காணாமற்போன உப்பு அங்கேதான் இருந்தது. தட்டுமேட்டில் நின்று இதைச் சொன்னபோது கூட வந்த நண்பர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லுப்பைத் திறந்த மூட்டையில் வைத்து விற்கும் கடைக்காரர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்பது 2006 மே 17 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. கல்லுப்புக்கும் அது பொருந்தும். கடையில் விற்கும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். அயோடின் கரைசலைத்தான் உப்பின் மேல் தெளிக்கிறார்கள். மூட்டையைத் திறந்து கடை வாசலில் வெயிலிலும் ஈரத்திலும் வைத்தால் அது குறைந்துகொண்டே போகும். மாட்டுக்கும் ஐஸ் கட்டிக்கும் போடும் உப்பைத் தனியாக வைத்து, உண்பதற்கு அல்ல என்று எழுதி விற்பதே நமக்குப் பாதுகாப்பு.

மறுநாள் பழைய துறைமுகம். பெரிய கப்பல்கள் வரும் புதுத் துறைமுகம் வேறு. அது 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கிறது. பழைய துறைமுகத்தில்தான் தோணிகள் இருக்கின்றன. மரத்தால் கட்டிய சரக்குத் தோணிகள் இன்னும் ஓடுகின்றன என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு போனவை. இப்போது இயந்திரம் பொருத்தி மாலத்தீவுக்குப் போகின்றன. இங்கும் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஏற்றுமதி ஏஜெண்ட் ஒருவர் அழைத்துப் போனார்.

காய்கறி, உருளைக்கிழங்கு, மளிகை, செங்கல், சிமெண்ட், ஜல்லி எல்லாம் ஒரே தோணியில் ஏறுகிறது. அந்தத் தீவுகளில் வீடு கட்டக் கல்லும் இல்லை, சாம்பார் வைக்கக் காயும் இல்லை. ஓரமாக அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டியின் அடையாளத்தைப் பார்த்துவிட்டு எங்கள் நண்பர் துள்ளிக் குதித்தார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ச் சரக்கு கடல் தாண்டுவதை எங்களுக்குக் காட்ட, தூத்துக்குடி வரை வர வேண்டியிருந்தது. தோணி மேஸ்திரியிடம் கனமான சரக்கை எப்படி அடுக்குவீர்கள் என்று கேட்டோம். செங்கலும் ஜல்லியும் அடியில், காய்கறி காற்றுப்படும்படி மேலே என்று சொல்லிவிட்டு, இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல் பார்த்தார்.

அந்தக் கரையில் நிற்கும்போது வ.உ.சி.யை நினைக்காமல் இருக்க முடியுமா? அவரைச் செக்கிழுத்த செம்மலாக மட்டுமே பள்ளிக்கூடத்தில் படித்தோம். வியாபாரிகள் அவரை வேறு கணக்கிலும் படிக்க வேண்டும். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு வாங்கியவர்களில் வியாபாரிகள் ஏராளம். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிர்க் கம்பெனிக்காரன் என்ன செய்தான்? கட்டணத்தைக் குறைத்தான், இவர்களும் குறைத்தார்கள், கடைசியில் அவன் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, ஏறுகிறவருக்கு ஒரு குடையும் கொடுத்தான் என்று சொல்வார்கள். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். கைபேசியில் ஆர்டர் எடுத்துப் பத்து நிமிடத்தில், வாங்கிய விலைக்கும் கீழே கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களைப் பார்த்து நாம் இன்று திகைக்கிறோம். அந்தக் குடை புதிதல்ல. அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. இரண்டையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம்.

மாலையில் பனிமய மாதா பேராலயம் போனோம். ஆகஸ்ட் 5ஆம் தேதி திருவிழாவுக்கு மதம் பாராமல் ஊரே கூடும். அன்று போகிறவர்கள் அறை கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். முயல் தீவும் ரோச் பூங்காவும் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஏற்ற இடங்கள். எங்களுக்கு மீன்பிடித் துறைமுகம்தான் பிடித்தது. இந்த ஊர் விசைப்படகுகள் விடியற்காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எனவே ஏலம் இரவில்தான். ஏலம் கூறுகிறவர் விலையை ஏற்றுகிற வேகத்தைப் பார்த்தால் நமது வாய்க்கணக்கு எல்லாம் சாதாரணம். ஏலம் பார்த்துவிட்டு, தோசைக்கல் சத்தம் கேட்கும் கடையில் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டோம். சர்க்கரை நோய் உள்ள நண்பர் மூன்று சாப்பிட்டார். இதை அவர் வீட்டார் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

மூன்றாம் நாள் காலை திருச்செந்தூர், 40 கிலோமீட்டர். 2025 ஜூலை 7இல் குடமுழுக்கு நடந்த பிறகு கோயில் புதுக்கோலத்தில் இருக்கிறது. கார்த்திகை, விசாகம், சஷ்டி நாட்களைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போனால் நின்று கும்பிடலாம். கடலுக்கு இவ்வளவு அருகில் உவர்ப்பில்லாத தண்ணீர் ஊறும் நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு, உப்பளத்தில் பார்த்த உவர்நீரை நினைத்துக்கொண்டோம். வழியில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கின்றன. திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடி. இந்த வெற்றிலைக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கருப்பட்டி வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து வாங்க வேண்டாம். உடைத்து, வாயில் போட்டுப் பாருங்கள். சர்க்கரை கலந்தது நாக்கில் நறநறவென்று இனித்து உடனே கரைந்துவிடும்.

மக்ரூன் வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, இந்த மூன்றுதான். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, மற்றதைச் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் வேகவிடுகிறார்கள். பாக்கெட்டில் அசைவக் குறி இருக்க வேண்டும் என்பதைக் கடையில் வைத்து விற்க நினைப்பவர்கள் மறக்கக் கூடாது. சைவ வாடிக்கையாளரிடம் சொல்லாமல் கொடுத்தால் ஒரு பாக்கெட் லாபத்துக்கு ஒரு குடும்பத்தையே இழப்போம். இதற்கும் ஈரம் ஆகாது. புறப்படும் நாளில் வாங்கி, காற்றுப் புகாத டின்னில் அடைத்துக்கொள்ள வேண்டும்.

மக்ரூன் வாங்கும்போதுதான் மனம் கேட்காமல், அந்த உப்பு வியாபாரி இருக்கிறாரா என்று விசாரித்தோம். பழைய முகவரியிலேயே இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், மகன் தொழிலைப் பார்க்கிறார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் அவர்கள் சேர்த்து வைத்திருந்த அம்பாரம் முழுவதும் கரைந்து போய்விட்டது என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திண்டுக்கல்லா? கார்டு போட்ட தம்பியா?" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் மறக்கவில்லை. "நாங்க எடை பார்க்கலை அண்ணாச்சி, பலகையும் போடலை. தப்பு எங்க மேலதான்" என்று சொல்லி 252 ரூபாயை எடுத்து மேசையில் வைத்தோம். ஊர் ஊராகச் சொன்னதைத் திரும்பப் பெற வழியில்லை என்றும் சொன்னோம். அவர் பணத்தைத் தள்ளவில்லை, எண்ணிப் பார்த்தார்.

"வரவு வை" என்றார் மகனிடம்.

"கம்ப்யூட்டர்ல அந்தப் பேர்ல கணக்கே இல்லையேப்பா."

"நோட்டுல எழுது."

மகன் ஒரு நோட்டைத் தேடி எடுத்து, தேதி போட்டு எழுதினார். பெரியவர் அதை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு காப்பி வரவழைத்தார். நாங்கள் குடித்து முடிக்கும்போது, "இப்பவாவது கிடங்குல பலகை போட்டிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

போன வருடத்து உப்பில் பத்து டன்னுக்குச் சொல்லிவிட்டு வந்தோம். சரக்கு பேசுவதில்லை என்ற ஒப்பந்தத்தை மீறியதற்கு நண்பர்கள் அபராதம் போட்டார்கள். திரும்பும் வழியில் எல்லோருக்கும் சாப்பாடு எங்கள் செலவு. சித்திரை முதல் வாரம் லோடு வரும். அதற்குள் மரச்சட்டம் அடித்துக் கொடுக்க ஆசாரியிடம் சொல்லியாயிற்று. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கப் போகிறோம்.